கடைக்கு வெளியே ஒரு விருப்பப் பட்டியல்

விலைக்கழிவு நாள்கள் நெருங்கிவிட்டால் திறன்பேசிக்கு ஓய்வில்லை. ‘நீங்கள் விரும்பிய பொருளின் விலை குறைந்துள்ளது’ என்கிறது ஒரு செயலி. ‘இன்னும் இரண்டுதான் மிச்சம்’ என்று அவசரப்படுத்துகிறது இன்னொன்று.

இணையக் கடையில் இதயக் குறியை அழுத்தியதும் நம் ஆசை எதில் என்பது கடைக்குத் தெரிந்துவிடுகிறது. அந்தப் பட்டியல் நம்மை மீண்டும் கடைக்கு அழைத்துக்கொண்டே இருக்கும். அதனால், கடைக்கு வெளியே பட்டியல் வைத்துக்கொள்ள எளிய வழி தேடினேன். கிடைத்தது ‘கூகல் கீப்’.

2013ல் அறிமுகமான இந்தக் குறிப்புச் செயலி இலவசம். கூகல் கணக்கு இருந்தால் போதும். திறன்பேசியில் எழுதியதைக் கணினியிலும் பார்க்கலாம். முடிந்ததைக் குறியிட்டால் அது பட்டியலின் அடிக்குப் போய்விடும்.

ஒவ்வொரு பொருளுக்கும் விலை, சேர்த்த தேதி, தேவைக்கான காரணம் மூன்றையும் எழுதுகிறேன். விலை அதிகமென்றால் தனிக் குறிப்பாக்கி, 30 நாள் கழித்து நினைவூட்டும்படி அமைக்கிறேன்.

இரைச்சல் குறைக்கும் ஹெட்ஃபோன் ஒன்றை 300 வெள்ளி என்று எழுதினேன். பகுதிநேர வேலையில் மணிக்குப் பத்து வெள்ளி கிடைத்தால், அது 30 மணி நேர உழைப்பு. அந்தக் கணக்கையும் பக்கத்திலேயே எழுதி வைத்தேன். ஒரு மாதம் கழித்து நினைவூட்டல் வந்தபோது, வீட்டில் இருக்கும் பழையதே போதும் என்று தோன்றியது.

காத்திருக்கும் நாள்களில் வேறு வழிகளும் தெரியவரும். பட்டியலில் இருந்த நாவல்களைத் தேசிய நூலக வாரியத்தின் செயலியில் தேடி இரவல் பெற்றேன். 2012ல் சிங்கப்பூரில் தொடங்கப்பட்ட ‘கேரொசெல்’ தளத்தில் மேசை விளக்கு பாதி விலைக்குக் கிடைத்தது.

குறிப்பைப் பிறருடன் பகிரவும் முடியும். தீபாவளிக்கு என்ன வேண்டும் என்று அம்மா கேட்டதும் ஒரு சிறு பட்டியலைப் பகிர்ந்தேன். தம்பியும் அதில் தன் காலணி அளவைச் சேர்த்துவிட்டான்! சொந்தக் கணக்குவழக்கு உள்ள பட்டியலை மட்டும் பகிராமல் தனியே வைத்திருக்கிறேன்.

அதில் இப்போது முதலிடத்தில் இருப்பது வாகனமோட்டும் உரிமம். வாங்காமல் விட்ட பொருள்களின் பணம் அதற்காகச் சேர்கிறது.

அடுத்த விலைக்கழிவு தொடங்குமுன், உங்களுக்கு வேண்டிய ஐந்து பொருள்களைத் தேதியோடு எழுதிப் பாருங்கள். ஒரு மாதம் கழித்து அவற்றில் எத்தனை இன்னும் தேவைப்படுகின்றன என்று பட்டியலே சொல்லும்.