பினாங்குவரை பேசிக்கொண்டே...

விடியற்காலை நான்கு மணி. சிராங்கூன் சாலையில் பூக்கடைகள்கூடத் திறக்கவில்லை. கணவரும் நானும் காரில் பினாங்குக்குப் புறப்பட்டோம். பத்து பெரிங்கியில் கடலைப் பார்த்த அடுக்குமாடி வீடு ஒன்றை நான்கு நாள்களுக்கு வாடகைக்கு எடுத்திருந்தோம். ஏறத்தாழ 700 கிலோமீட்டர் பயணம். "விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தானே?" என்று அம்மா கேட்டார்.

மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி, பெட்ரோல் இரண்டையும் முந்தைய நாளே சரிபார்த்துவிட்டோம். தொட்டியில் முக்கால் பங்கு பெட்ரோல் இல்லாமல் சிங்கப்பூர்க் கார் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைத் தாண்டக்கூடாது.

ஜோகூரைக் கடந்துகொண்டிருந்தபோது நம் வானொலி கரகரத்து மறைந்தது. காரில் அமைதி.

"ரேடியோவுல எல்லார்கிட்டயும் சிரிச்சுச் சிரிச்சுப் பேசுற. வீட்டுல 'சாப்பிட்டீங்களா'வோட முடிஞ்சிடுது," என்றார் கணவர்.

எனக்குக் கோபம் வந்தது. எழுந்து வேறு அறைக்குப் போகவும் வழியில்லை. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை நீண்டுகொண்டே இருந்தது. அவர் இரவு வேலைக்கு மாறியபின் குறுஞ்செய்தியிலேயே குடும்பம் நடத்துவதை நானும் சொன்னேன். ஈப்போவில் தவுகே கோழி சாப்பிட இறங்கியபோதும் பேச்சு ஓயவில்லை. எப்போது சண்டை முடிந்து சிரிக்கத் தொடங்கினோம் என்று நினைவில்லை.

பிற்பகலில் 13.5 கிலோமீட்டர் நீளப் பினாங்குப் பாலத்தில் ஏறியபோது இருவருக்கும் தொண்டை கட்டியிருந்தது.

இப்போது ஞாயிறு காலையில் தேக்காவுக்குச் சேர்ந்தே பசியாறப் போகிறோம். கைப்பேசிகள் வீட்டிலேயே இருக்கும்.