நியூட்ரான் நட்சத்திரத்தில் மின் துகள்களின் பாதை

மாயாபந்தரில் திசைகாட்டியின் ஊசியை வடக்கு நோக்கித் திருப்பும் பூமியின் காந்தப்புலம் அளவில் மிகச் சிறியது, சுமார் 0.4 காஸ் மட்டுமே. எனினும் அதன் குறுக்கே செல்லும் எலெக்ட்ரான் நேர்கோட்டில் செல்ல இயலாது. காந்த விசை துகளின் திசைக்கு எப்போதும் செங்குத்தாகச் செயற்படுவதால், வேகத்தை மாற்றாமல் பாதையை மட்டும் வளைக்கிறது. மெதுவாகச் செல்லும் எலெக்ட்ரான் இப்புலத்தில் விநாடிக்கு ஏறத்தாழ 11 லட்சம் முறை சுழலும். விசைக்கோட்டின் போக்கிலும் அதற்கு வேகம் இருப்பின், பாதை திருகுச்சுருளாக அமையும்.

இதே விதி மிகக் கடுமையாக ஆளும் இடம் ஒன்று வானில் உண்டு. ஜனவரி மாதத்தில் இரவு 9 மணியளவில், மாயாபந்தரில் உச்சிக்குச் சற்று வடக்கே, ரிஷப ராசியின் தென்கொம்பு நுனியருகே நண்டு நெபுலா அமைந்திருக்கும். வெறுங்கண்ணுக்கு அது புலப்படாது. கி.பி. 1054-இல் சீனர் கண்ட நட்சத்திர வெடிப்பின் எச்சம் அது. அதன் நடுவிலுள்ள நியூட்ரான் நட்சத்திரம் 1968-இல் கண்டறியப்பட்டது. சுமார் 25 கிலோமீட்டர் குறுக்களவே கொண்ட அது விநாடிக்கு 30 முறை அளவில் சுழல்கிறது. அதன் காந்தப்புலம் ஏறத்தாழ 4 லட்சம் கோடி காஸ். அதாவது பூமியினுடையதைப் போல் 10 லட்சம் கோடி மடங்கு.

இத்தகைய புலத்தில், துகள் தன் வட்டச் சுழற்சியின் சக்தியைக் கதிர்களாக வீசி நொடிப்பொழுதினும் மிகக் குறைந்த காலத்தில் இழந்துவிடுகிறது. பின்னர் நூலிற் கோத்த மணி போல் விசைக்கோட்டின் வழியே மட்டும் ஓடுகிறது. சுழலும் காந்தம், டைனமோவைப் போல, மின்னழுத்தத்தை உண்டாக்கி அதனை முடுக்குகிறது. கோடு வளைந்திருப்பதால் ஓடும் துகள் காமாக் கதிர்களை வீசுகிறது. அக்கதிர்கள் எலெக்ட்ரான், பாசிட்ரான் இணைகளாக மாறித் துகள்களைப் பெருக்குகின்றன. இச்செலவு முழுவதும் நட்சத்திரத்தின் சுழற்சிச் சக்தியிலிருந்தே வருகிறது. ஆகவே அதன் சுழற்சிக் காலம் நாள்தோறும் சுமார் 36 நானோ விநாடி நீள்கிறது.

துகள்கள் கதிர் வீசுவது துருவத்தின் அருகிலா, தொலைவிலா என்பதே தீராத வினா. கதிர் அதிரும் திசை விசைக்கோட்டின் திசையைச் சார்ந்தது. எனவே தளவிளைவை அளந்து பாதையை அறியலாம். 2015-இல் ஏவப்பட்ட ‘ஆஸ்ட்ரோசாட்’ இவ்வாறு அளந்து, துடிப்புகளுக்கு இடைப்பட்ட வேளையிலும் தளவிளைவு மாறுவதை 2017-இல் காட்டியது. நிலவிய கொள்கைகள் இதனை எதிர்பார்க்கவில்லை. பெங்களூர் இராமன் ஆராய்ச்சிக் கழகத்தின் கருவியைச் சுமந்து 2024 ஜனவரி 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற ‘எக்ஸ்போசாட்’, எக்ஸ் கதிர்களின் தளவிளைவை அளப்பதற்கென்றே அமைக்கப்பட்டதாகும்.