மறுசோறு

ரசத்துக்குச் சோறு வாங்காமல் யாராவது இலையை மூடினால் அந்தப் பெரியவருக்கு முகம் வாடிவிடும். “என்ன தம்பி, உடம்பு சரியில்லையா?” என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த இலைக்கு நகர்வார்.

நான் சொல்வது 1990களின் திருவல்லிக்கேணி. மேன்ஷனில் பத்துக்கு எட்டு அறை, இரண்டு கட்டில், ஒரு சன்னல். தெருமுனையில் மெஸ். மாதம் பிறந்ததும் முப்பது டோக்கன் தைத்த சின்னப் புத்தகம் ஒன்று வாங்கிக்கொள்வோம். ஒரு டோக்கனைக் கிழித்துக் கல்லாவில் கொடுத்தால் ஒரு மதியச் சாப்பாடு. பரிமாறிய பெரியவர் ஶ்ரீவைகுண்டம் பக்கத்துக்காரர். வாழைத்தோட்டத்தில் பிறந்தவர் என்பதாலோ என்னவோ, கிழிந்த இலையை யாருக்கும் போடமாட்டார்.

அப்போது என் சம்பளத்தில் வீட்டுக்கு அனுப்பியது போக மிஞ்சுவது இருபதாம் தேதியோடு தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு இரவில் சாப்பிடுவதில்லை. இரண்டு வாழைப்பழம், தண்ணீர். ஆகவே மதியம் சாம்பாருக்கு இரண்டு முறை, ரசத்துக்கு ஒன்று, மோருக்கு ஒன்று என்று சோறு வாங்குவேன். இதை நான் அவரிடம் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. ஆனால் இருபதாம் தேதி தாண்டியதும் என் இலையில் முதல் சோறே பெரிதாக விழும். கூட்டு ஒரு கரண்டி கூடுதலாக வரும். ஒன்றாம் தேதி வந்ததும் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். என் சம்பள நாள் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிடித்தமான சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது எந்தப் பதார்த்தமும் இல்லை. அந்தக் கை.

கடந்த சில வாரங்களாகச் சென்னை, மதுரை, கோவை என்று பழைய இடங்களைத் தேடிப் போய் உட்கார்ந்து சாப்பிட்டு வந்தேன். விசேஷத்துக்குப் போகும் பெரிய ஓட்டல்கள் என் கணக்கில் இல்லை. வேலைக்குப் போகிறவன், மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையாக இருப்பவர், சரக்கு எடுக்க வந்த வியாபாரி, போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை, இவர்கள் நாள்தோறும் சாப்பிடும் கடைகள். ருசி பெரும்பாலான இடங்களில் கெடவில்லை. சில இடங்களில் முன்பைவிடச் சுத்தமாக இருக்கிறது. ஆனால் பலகைகள் மாறிவிட்டன. ‘அளவுச் சாப்பாடு’ என்கிறது ஒன்று. ‘கூடுதல் சாதத்துக்குத் தனிக் கட்டணம்’ என்கிறது இன்னொன்று. தட்டிலேயே குழி குழியாகப் பிரித்து எல்லாவற்றையும் ஒரே தடவையில் வைத்துக் கொடுத்துவிடுகிற ‘மினி மீல்ஸ்’ இப்போது எங்கும் வந்துவிட்டது.

இதில் என்ன குறைந்துவிட்டது என்று கேட்பவர்கள் ரசத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். நம்முடைய மதியச் சாப்பாடு மூன்று நடை கொண்டது. சாம்பாருக்கு ஒரு சோறு, ரசத்துக்கு ஒரு சோறு, மோருக்கு ஒரு சோறு. வத்தக்குழம்பு வந்தால் நான்கு. ஒவ்வொரு நடைக்கும் சோறு சூடாக, புதிதாக விழ வேண்டும். இலையில் முன்பே குவித்து வைத்த சோற்றைப் பாத்தி கட்டிப் பிரித்து, சாம்பார் வழிந்த ஓரத்தில் ரசத்தை ஊற்றினால் அது இரண்டுமில்லாத ஒன்று. அளவுச் சாப்பாட்டில் முதலில் சாவது ரசம்தான். பலர் அதைக் கிண்ணத்தில் வாங்கிக் குடித்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள்.

மதுரையில் அசைவ மெஸ்களின் முறை வேறு. அங்கே சோறும் குழம்பும் முதலாளி பார்க்கும் லாபக் கணக்கிலேயே இல்லை. கறிக்குழம்பு, மீன்குழம்பு, நண்டுக்குழம்பு என்று வாளிகள் வந்துகொண்டே இருக்கும். எதைக் கேட்டாலும் ஊற்றுவார்கள். சுக்கா, ஈரல், முட்டைக்கறி எல்லாம் ஒரு பெரிய தட்டில் அடுக்கி இலைக்கு அருகே கொண்டுவந்து காட்டுவார்கள். லாபம் அந்தத் தட்டில் இருக்கிறது. தட்டை வேண்டாம் என்று கையை அசைத்துவிட்டு வெறும் குழம்போடு மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிடும் சுமைதூக்கும் தொழிலாளியை அங்கே யாரும் முறைப்பதில்லை. “அண்ணே, மீன்குழம்பு ஊத்தவா?” என்று அவரிடமும் அதே குரலில்தான் கேட்கிறார்கள். இந்த முறை என் கண்ணுக்கு எதிரே அது நடந்தது. பக்கத்து மேசையில் சுக்காவும் வறுவலும் வாங்கிய குடும்பத்தின் பணத்தில் அவருடைய மூன்றாவது சோறு வந்தது என்று சொன்னால் தப்பில்லை. யாரும் யாருக்கும் தானம் செய்ததாக அங்கே தெரியவில்லை. அதுதான் அந்த ஏற்பாட்டின் அழகு.

கோவையில் ஒரு வீட்டின் முன்கூடத்தில் நடக்கும் மெஸ்ஸுக்குப் போனேன். அரிசியும் பருப்பும் சாதம், கொள்ளு ரசம், பச்சைப்பயறு கடைசல். பரிமாறியது அந்த வீட்டு அம்மா. கணவர் இறந்தபின் பிள்ளைகளைப் படிக்கவைக்கத் தொடங்கிய கடை. தமிழ்நாட்டின் எத்தனையோ மெஸ்கள் இப்படித்தான் தொடங்கின. சமையல் தவிர வேறு கைமுதல் இல்லாத பெண்கள், நான்கு பேருக்குச் சமைப்பதை நாற்பது பேருக்குச் சமைத்தார்கள். “ஏனுங்க, இன்னுங் கொஞ்சம் வைக்கட்டுங்களா?” என்றார். வேண்டாம் என்றேன். “ரசத்துக்காச்சும் வாங்கிக்கோங்க” என்று வைத்துவிட்டார். வீட்டில் வந்தவர்களுக்குப் போட்ட பழக்கம் கடையிலும் தொடர்கிறது.

கடைக்காரர்களிடம் பேசினால் அவர்களுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. 19 கிலோ வணிக சிலிண்டரின் விலை மாதாமாதம் மாறுகிறது, வாடகை ஏறுகிறது, இலையில் மிச்சம் வைத்து எழுபவர்களும் உண்டு. மறுக்கவில்லை.

ஆனால் மறுசோற்றை நிறுத்துவதால் மிச்சப்படுவது என்ன என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ அரிசி வடித்தால் ஏறக்குறைய இரண்டரைக் கிலோ சோறு. ஒரு தடவை விழும் மறுசோறு 200 கிராம் என்றால், அதில் அரிசி 80 கிராம். கிலோ 60 ரூபாய் அரிசியிலும் ஐந்து ரூபாய்க்குள் அடங்கிவிடுகிறது. நூறு ரூபாய்ச் சாப்பாட்டில் காய், எண்ணெய், பருப்பு, ஆள்கூலி, வாடகை எல்லாம் முதல் சோற்றோடு செலவாகிவிட்டன. ஆக, நிறுத்துகிறவர்கள் அரிசியை மிச்சம் பிடிக்கவில்லை, நாற்காலியை மிச்சம் பிடிக்கிறார்கள். மறுசோறு வாங்குகிறவன் இன்னும் பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பான். அந்தப் பத்து நிமிடத்தில் இன்னொருவரை உட்காரவைக்கலாம். இதைப் புரிந்துகொண்டபோது எனக்கு மனம் மிகவும் சங்கடப்பட்டது. பசித்தவனின் இரண்டாவது கைப்பிடிச் சோற்றுக்கு எதிராக நிற்பது அரிசி விலை என்றால் பொறுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு காரணம் இதைவிடப் பெரியது. முழுச் சாப்பாடு என்பது சராசரியின் மேல் நிற்கிற கடை. கல்லூரிப் பையன் நான்கு தடவை வாங்குவான். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒரு கை சோறு தின்றுவிட்டு மோர் குடித்து எழுந்துவிடுவார். இரண்டு பேரும் கொடுக்கும் காசு ஒன்றுதான். வாத்தியார் விட்ட சோறு பையனுக்குப் போகிறது. இப்போது வாத்தியார் வீட்டிலிருந்தே செயலியில் சொல்லிவிடுகிறார். அலுவலகத்தில் குறைவாகச் சாப்பிடும் பெண்களும் அங்கேயே டப்பாவில் வரவழைத்துக்கொள்கிறார்கள். அவர்கள்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. சொல்லப்போனால் பெண்கள் தனியாக வந்து நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடும்படி நம் மெஸ்கள் என்றைக்கும் இருந்ததில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். கொஞ்சமாகச் சாப்பிடுகிறவர்கள் எல்லாம் டப்பாவுக்குப் போய்விட்டால், கடையில் வந்து உட்காருகிறவன் பெரும் பசிக்காரன் மட்டும்தான். சராசரி ஏறுகிறது. கணக்கு உதைக்கிறது. முதலாளி பலகையை மாற்றி எழுதுகிறார்.

டப்பாவுக்கு மறுசோறு கிடையாது. அதில் அடைத்ததுதான் சாப்பாடு. ஒரு கட்டிச் சோறு, மூடியோடு ஐந்து சின்னக் கிண்ணங்களில் சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், கூட்டு, மோர், எல்லாம் ஒரே சூட்டில், அல்லது ஒரே ஆறலில். முழுச் சாப்பாட்டின் விலையில் அளவுச் சாப்பாட்டை வாங்குகிறோம். அதன்மேல் கொண்டுவரும் கூலி வேறு. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது பார்சல் மட்டும்தான் கொடுக்கலாம் என்ற நிலை வந்தது. அன்று அது உயிர் காத்தது. மேன்ஷன்கள் காலியான அந்த மாதங்களில் பல மெஸ்கள் அடுப்பை அணைத்தன, சில திரும்பப் பற்றவைக்கவே இல்லை. பிழைத்த கடைகளில் சில, பார்சலில் பிழைக்கலாம் என்று கற்றுக்கொண்டு, மேசைகளைக் குறைத்து டப்பா அடுக்கும் அலமாரி போட்டுக்கொண்டன. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தபோது, மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் அந்தப் பட்டியலில் இருந்தது. வாழை இலைக்கு நல்ல காலம் என்று நான் மகிழ்ந்தேன். இலை நிலைத்தது. ஆனால் அதன் முன்னால் உட்காரும் ஆள் குறைந்துவிட்டான்.

உட்கார்வது சின்ன விஷயமில்லை. இதே திருவல்லிக்கேணியில் 1957-இல், ஓர் ஓட்டலின் பெயர்ப்பலகையிலிருந்து ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லி மாதக்கணக்கில் மறியல் நடந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சிறை சென்றார்கள். பலகையில் ஒரு சொல்லுக்கு இத்தனை பேர் ஏன் சிறைக்குப் போக வேண்டும் என்று இன்று பிறந்த பிள்ளை கேட்கலாம். காசு கொடுத்த எவனும் எவன் பக்கத்திலும் உட்கார்ந்து, அதே வாளிச் சோற்றை, அதே கரண்டியில் வாங்கிச் சாப்பிடலாம் என்பது இந்த ஊருக்குத் தானாக வந்ததில்லை. நான் சாப்பிட்ட மெஸ்ஸில் ஒரே பெஞ்சில் ஆட்டோ ஓட்டுநர், சினிமாவில் உதவி இயக்குநராக இருந்த பையன், நீதிமன்ற குமாஸ்தா, நான். அப்பளம் தீர்ந்துவிட்டால் குமாஸ்தா தன் அப்பளத்தைப் பாதி உடைத்துக் கொடுப்பார். டப்பா நம்மைத் தனித்தனி அறைகளுக்குள் கொண்டுபோய் விட்டுவிடுகிறது.

2013-இல் சென்னையில் ஒரு ரூபாய்க்கு இட்லி, ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதம், மூன்று ரூபாய்க்குத் தயிர் சாதம் என்று அரசின் மலிவுவிலை உணவகங்கள் வந்தன. அவற்றால் பசியாறியவர்கள் ஏராளம், நானும் அங்கே நிறைவாகச் சாப்பிட்டிருக்கிறேன். அங்கே ஒரு கரண்டி அளவு இருப்பதில் தப்பில்லை, அந்த விலைக்கு அதுதான் முறை. நான் கவலைப்படுவது அடுத்த படியில் இருக்கிறவனைப் பற்றி. நூறு, நூற்றிருபது ரூபாய் கொடுத்து ஒரு வேளைதான் வயிறாரச் சாப்பிட முடிகிறவன். அவனுக்கு மதியம் கிடைக்கும் மறுசோறு இரவுச் சாப்பாடும் ஆகும். அந்தக் கணக்கை எந்தச் செயலியும் எந்தப் பலகையும் அறியாது, வாளியோடு வருகிற ஆள்தான் அறிவார்.

அந்த ஆளும் மாறிவிட்டார். இந்த முறை சென்னையில் எனக்குப் பரிமாறியது ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர். தமிழில் அவருக்குத் தெரிந்தவை சில சொற்கள் மட்டும். “சாம்பார்? ரசம்? மோர்?” என்று ஒவ்வொரு இலையாகக் கேட்டுக்கொண்டே போனார். இரண்டு இலை தள்ளி ஒரு பையன், தேர்வுக்குப் படிக்கிறவன்போல, புத்தகத்தைத் தொடைமேல் வைத்துக்கொண்டு குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சோறு தீர்ந்திருந்தது. கேட்கக் கூச்சப்பட்டு இலை ஓரத்துக் கூட்டை வழித்துக்கொண்டிருந்தான். அந்த இளைஞர் நின்றார். “சோறு?” என்றார். பையன் நிமிர்ந்து பார்ப்பதற்குள் இரண்டு கரண்டி விழுந்துவிட்டது. ஶ்ரீவைகுண்டத்துப் பெரியவரின் கை எனக்கு அங்கே தெரிந்தது. ஊரும் மொழியும் வேறு, அவ்வளவுதான்.

உங்கள் தெருவில், உங்கள் அலுவலகத்துக்குப் பின்னால், முழுச் சாப்பாடு போடும் ஒரு மெஸ் இன்னும் இருக்கலாம். வாரத்தில் ஒரு நாளாவது டப்பாவை விட்டு அங்கே போய் உட்காருங்கள். குறைவாகச் சாப்பிடுகிறவர் என்றால் கட்டாயம் போங்கள். நீங்கள் விட்டுவைக்கும் சோற்றில்தான் பக்கத்து இலைக்காரனின் மறுசோறு இருக்கிறது.