சஹ்யாத்திரியின் இருபுறமும்

மும்பையில் குடியேறிய நம்மவர் முதலாண்டில் திகைப்பதுண்டு. ஆனி பிறக்கையில் மழை கொட்டும். ஐப்பசியிலோ வெயில் காயும்.

அரபிக்கடலின் நீராவியைச் சுமந்து வரும் தென்மேற்குக் காற்று, நாம் மேற்குத் தொடர்ச்சி மலை என வழங்கும் சஹ்யாத்திரியில் மோதி மேலெழுகிறது. எழுந்து குளிரவே நீராவி மழையாகிறது. மும்பைக்கு ஆண்டுதோறும் 2,000 மில்லிமீட்டருக்கு மேல். மலைமுகட்டிலுள்ள மகாபலேசுவரத்துக்கு 5,000-க்கும் மேல். முகட்டைக் கடந்து இறங்கும் காற்றோ வெம்மையுற்று வறள்கிறது. ஆகவே புனேயில் சுமார் 700 மில்லிமீட்டரே. கொங்கணத்தில் நெல் விளைய, இப்பால் சோளமும் கம்பும். இன்னுங் கிழக்கே, மழை பொய்த்த ஆண்டுகளில் குடிநீர் லாரிக்குக் காத்திருக்கும் ஊர்கள் பல.

தமிழகத்தின் பெரும்பகுதியும் அம்மலையின் கிழக்குப் புறமே. நம் ஐப்பசி மழை, வங்கக்கடல் கடந்து வரும் வடகிழக்குக் காற்றின் கொடை.