புறங்கையில் ஒரு விளக்கு

மத்தாப்பொளியில் வளர்ந்த நாரணாபுரத்து மாணவர்க்குக் கடலடி இருள் புதுமையாகத் தோன்றலாம். வெயிலொளியின் சிவப்பை நீர் முதலிலேயே உறிஞ்சிவிடும். பத்து மீட்டர் ஆழத்தில் குருதியும் செந்நிறம் இழந்து தோன்றும். மன்னார் வளைகுடாவில் சங்கு குளித்த கீழக்கரை முன்னோர் பகலொளியை மட்டுமே நம்பி, மூச்சடக்கி இறங்கினர். இன்று காற்றுக்கலன் சுமந்து இருட்குகை நீரில் இறங்குவோர்க்கு வழிக்கயிற்றைப் பற்ற ஒரு கையும், காற்றுத் திருகைத் திருப்ப மற்றொரு கையும் வேண்டும். பின், விளக்கை ஏந்துவது எக்கை?

இக்குறை தீர்க்க வந்ததே 'குட்மேன் கைப்பிடி'. அலுமினியப் பட்டையை வளைத்துச் செய்வது. கீழ்ப்பகுதி உள்ளங்கையில் அடங்க, விளக்கு புறங்கைமேல் அமரும். விரல்கள் விடுபட்டிருக்கும். பட்டையை எளிய பட்டறையிலும் வளைத்துவிடலாம். அருமை விளக்கின் மூடியில்தான் உள்ளது. ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. மூடியின் ரப்பர் வளையத்தில் ஒரு மயிரிழை கிடந்தாலும் நீர் புகும். அதனைத் துடைத்துச் சிலிக்கோன் கிரீஸ் தடவச் சோம்புவோர் இழப்பது விளக்கை மட்டுமன்று.

ஒளியே அங்கு மொழியுமாம். மெல்ல வட்டமிட்டால் 'நலம்'. பக்கவாட்டில் விரைந்து அசைத்தால் 'ஆபத்து'. தோழர் கண்ணில் ஒளி பாய்ச்சலாகாது. குகை புகுவோர் மூன்று விளக்குகளோடு இறங்குவர். முதல் விளக்கு அணைந்ததுமே திரும்பிவிடுவர்.