நூறு வயதுக்குக் காத்திருக்கும் போர் விமானங்கள்

புது தில்லி: கொச்சி மட்டாஞ்சேரியை அடுத்த சுள்ளிக்கல்லில் தலைக்கு மேல் இரைச்சல் கேட்டால், அது பெரும்பாலும் கடற்படை விமானமாகவே இருக்கும். காயலின் ஒரு கால்வாயைத் தாண்டினால் வில்லிங்டன் தீவு, அங்கே ஐ.என்.எஸ். கருடா விமானத் தளம். நெடும்பாசேரி விமான நிலையம் 1999-ல் திறக்கப்படும் வரை பயணிகள் விமானங்களும் இங்குதான் இறங்கின.

விமான ஆர்வலர்களுக்கு இந்த ஓடுபாதை ஏறத்தாழ ஒரு புண்ணியத் தலம். இந்தியக் கடற்படையின் விமானப் பிரிவு பிறந்த இடம் இது. தண்ணீரிலும் தரையிலும் இறங்கும் சீலேண்ட் விமானங்கள் 1953-ல் இங்கு வந்தன. அதே ஆண்டு மே 11-ல் கருடா தளம் முறைப்படி செயல்படத் தொடங்கியது. ஆனால், சீலேண்ட் ஒன்றைக் கண்ணால் காண விரும்பும் கொச்சிக்காரர் கோவாவில் உள்ள கடற்படை விமான அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும்.

அதுவாவது மிஞ்சியதே என்று ஆறுதல் கொள்ள வேண்டியதுதான். 1971 போரில் சீஹாக், அலிஸே விமானங்கள் சிட்டகாங்கையும் காக்ஸ் பஜாரையும் தாக்கக் கிளம்பிய பழைய விக்ராந்த் கப்பலுக்கு அந்த ஆறுதலும் இல்லை. மும்பையில் மிதக்கும் அருங்காட்சியகமாக இருந்த அதைப் பராமரிக்க இயலாது என்று மகாராஷ்டிர அரசு கைவிரித்தது. பொதுநல வழக்கு மும்பை உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றது. 2014-ல் கப்பல் உடைக்கப்பட்டது. அதன் உலோகத்தைக் கலந்து செய்த மோட்டார் சைக்கிள் 2016-ல் விற்பனைக்கு வந்தது. அதே பெயரில் கொச்சி கப்பல் கட்டும் தளம் உருவாக்கிய புதிய விக்ராந்த் 2022 செப்டம்பர் 2-ல் கடற்படையில் சேர்ந்தது. பெயரைக் காப்பாற்றக் காட்டிய அக்கறை பொருளைக் காப்பாற்றுவதில் இல்லை.

சட்டத்திலும் இடமில்லை. 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டத்தின்படி, ஒரு பொருள் தொன்மையானதாகக் கருதப்பட நூறு வயது ஆகியிருக்க வேண்டும். கையெழுத்துச் சுவடிகளுக்கு மட்டும் 75 ஆண்டுகள். இந்திய விமானப் படையே 1932-ல்தான் தோன்றியது. அதன் முதல் விமானமான வாபிட்டி 1933-ல் பறக்கத் தொடங்கியது. ஆகவே, படை ஓய்வளிக்கும் விமானம் சட்டத்தின் பார்வையில் வெறும் கழிவுப் பொருள். அருங்காட்சியகத்துக்குப் போவதா, நாற்சந்தியில் வெயிலிலும் மழையிலும் நிற்பதா, ஏலத்துக்குப் போவதா என்பதை அந்தந்த நேரத்து அதிகாரிகளே தீர்மானிக்கின்றனர். 62 ஆண்டுகள் பணியாற்றிய மிக்-21 போர் விமானத்துக்கு 2025 செப்டம்பர் 26-ல் சண்டீகரில் கண்ணீர் மல்க விடை கொடுக்கப்பட்டபோதும் இந்த நிலை மாறியிருக்கவில்லை.

நாம் கழித்ததன் மதிப்பைப் பிறர் அறிந்திருந்தனர். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், இந்தியர்கள் பயன்படுத்திவிடக் கூடாது என்று சேதப்படுத்தி கான்பூரில் விட்டுச்செல்லப்பட்ட லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை பெங்களூரின் ஹிந்துஸ்தான் நிறுவனம் பழுதுபார்த்துப் பறக்க வைத்தது. அவை 1968 வரை பணியாற்றின. பிறகு பிரிட்டன், அமெரிக்கா, கனடா நாட்டு அருங்காட்சியகங்கள் தேடி வந்து பெற்றுக்கொண்டன. சிலவற்றை இங்கிருந்து பறந்தே கொண்டு சென்றனர். தில்லி பாலம் விமானப் படை அருங்காட்சியகத்தில் ஒரு லிபரேட்டர் இன்றும் இருக்கிறது.

எதிர்த்திசையில் வந்தது ஒரு டகோட்டா. 1947 அக்டோபர் 27-ல் சீக்கிய ரெஜிமென்ட் வீரர்களுடன் ஸ்ரீநகரில் இறங்கியது இந்த வகை விமானமே. கேரளத்தைச் சேர்ந்த முன்னாள் டகோட்டா விமானியின் மகனும் அப்போதைய மாநிலங்களவை உறுப்பினருமான ராஜீவ் சந்திரசேகர் 2011-ல் பழைய டகோட்டா ஒன்றை வாங்கி, பிரிட்டனில் சீரமைத்து, விமானப் படைக்கு அன்பளிப்பாக அளிக்க முன்வந்தார். முதலில் ஏற்கப்படவில்லை. மனோகர் பாரிக்கர் பாதுகாப்பு அமைச்சரான பின்னரே கதவு திறந்தது. 2018 மே மாதம் 'பரசுராமா' என்ற பெயருடன் அது ஹிண்டன் தளத்தில் படையில் சேர்ந்தது. வசதியும் செல்வாக்கும் உள்ள ஒருவருக்கே ஏழு ஆண்டுகள் பிடித்தன.

சாதாரண ஆர்வலரின் பாடு வேறு. 2010-ல் தில்லி விமான நிலையத்துக்கு அருகே, ஓடுபாதை தெரியும் ஓட்டல் அறையைக் கேட்டு வாங்கித் தங்கிய இரு பிரிட்டிஷ்காரர்களை போலீஸார் பிடித்தனர். விமானங்களின் பதிவு எண்களைக் குறித்துக்கொள்வது அவர்களது பொழுதுபோக்கு. உளவாளிகளோ என்ற சந்தேகத்தில் தொடங்கிய விவகாரம், வானொலிக் கருவி வைத்திருந்ததற்காகத் தந்திச் சட்டப்படி அபராதத்தோடு முடிய ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஆயின. கிரேக்க நாட்டிலும் 2001-ல் இப்படியொரு வழக்கு நடந்து, மேல்முறையீட்டில் அனைவரும் விடுதலையாயினர். ராணுவத் தளங்களின் பாதுகாப்பு முக்கியம்தான். அதை யாரும் மறுக்கவில்லை. பிரிட்டனிலும் ராணுவத் தளங்களுக்கு வேலி உண்டு. ஆனால், வேலிக்கு வெளியே நிற்பவரை அங்கே குற்றவாளியாகப் பார்ப்பதில்லை.

இந்த ஆர்வம் ஒரு சிலரின் பித்து என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2024 அக்டோபர் 6-ல் சென்னை மெரினாவில் விமானப் படை நடத்திய சாகச நிகழ்ச்சிக்குப் பல லட்சம் பேர் திரண்டனர். ரஃபேல், சுகோய், தேஜஸ் விமானங்களுடன் பழைய ஹார்வர்டும் டகோட்டாவும் அந்த வானில் பறந்தன. குடிநீரும் நிழலும் போதாமல், திரும்பிச் செல்ல வழியின்றி மக்கள் தவித்தனர். 5 பேர் உயிரிழந்தனர். ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சிகளும் பல நாள் ஒருவரையொருவர் சாடிக்கொண்டிருந்தன.