இரு மலைகளுக்கு நடுவே ஒரு காற்று

கிள்ளானில் விடியற்காலை ஐந்து மணிக்குச் சன்னல் கதவுகள் திடீரென்று படபடவென அடித்துக்கொள்ளும். கொடியில் கிடந்த துணி பறக்கும். இடியும் மழையுமாக ஓரிரு மணி நேரம் ஆடிவிட்டு ஓய்ந்துவிடும். மற்றபடி மந்தமாகவே காற்று வீசும் இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்குக்கு இது எங்கிருந்து வருகிறது?

வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து தென்றல், மேற்கிலிருந்து கோடை என்று வரும் திசையை வைத்தே காற்றுக்குப் பெயரிட்டது தமிழ். வானிலைத் துறையின் வழக்கமும் அதுதான்.

நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. தென்சீனக் கடலின் ஈரத்தை அள்ளிவந்து கிளந்தானிலும் திரெங்கானுவிலும் கொட்டுகிறது. அங்கே சில நாள்களில் அதன் வேகம் மணிக்கு 55 கிலோமீட்டரையும் தாண்டும். நம்மை மறைத்து நிற்பது தித்திவங்சா மலைத்தொடர். அதன் உச்சியான கொர்பு மலை 2,183 மீட்டர். அதனால்தான் பத்துமலையில் காவடி எடுக்கும் தைப்பூச நாள்களில் இங்கே மழை சற்றுக் குறைவு.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. குற்றாலத்தில் சாரல் கட்டும் அதே மாதங்கள்தான். ஆனால் சுமத்ராவின் பாரிசான் மலைகள் தடுப்பதால் இங்கே மழை குறைகிறது. வேகமும் பெரும்பாலும் மணிக்கு 28 கிலோமீட்டருக்குள்தான். இந்த மெல்லிய காற்றுதான் சுமத்ராவில் காடும் கரிநிலமும் எரியும்போது புகையைச் சுமந்து வருகிறது. 2005 ஆகஸ்ட் 11 அன்று கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் புகைமூட்டத்தால் அவசரநிலை அறிவிக்கப்பட்டது.

இரண்டு பருவங்களுக்கும் இடைப்பட்ட ஏப்ரல், அக்டோபர் மாதங்களையொட்டிக் காற்று திசை தடுமாறும். வெயிலில் சூடேறிய நிலத்துக்குக் கடற்காற்று ஈரம் ஊட்டும். மாலையில் பிரிக்பீல்ட்ஸ் தெருக்களில் இடிமழை கொட்டும்.

அந்த விடியற்காலைக் காற்றுக்குச் 'சுமத்ரா' என்றே பெயர். இரவில் இரு கரைகளின் நிலக்காற்றும் மலாக்கா நீரிணையின் மேல் சந்திக்க, இடிமேகங்கள் வரிசையாகத் திரள்கின்றன. தென்மேற்குக் காற்று அவற்றை நம் பக்கம் தள்ளுகிறது. மழையோடு இறங்கும் குளிர்ந்த காற்று தரையில் மோதிப் பரவுவதுதான் சன்னலை அடிக்கிறது. கடலோரக் கிள்ளானை முதலில் தொட்டு, பிறகே கோலாலம்பூருக்கு வரும். விடியலில் மேற்கு வானம் மின்னினால், கொடித் துணியை முதலில் உள்ளே எடுத்துவிடுங்கள்.